நெய்தல் நிலத்தில் உடன்போக்கு: கொற்கை முத்து உவமையும் கடற்கரைக் காதல் திரைப்படங்களும்

ஆய்வுச் சுருக்கம்

சங்க அக மரபில் உடன்போக்கு பாலைத் திணைக்கு உரியது. கடற்கரை நிலமாகிய நெய்தலுக்கு இரங்கல் உரிப்பொருள். எனினும் இளங்காதலர் ஊரை விட்டு நீங்குவதைக் கருவாகக் கொண்ட திரைப்படங்கள் சில கடற்கரையையே களமாகத் தேர்ந்துள்ளன. இக்களமாற்றம் உடன்போக்கின் அமைப்பில் ஏற்படுத்தும் மாறுதலைத் தொல்காப்பியம், ஐங்குறுநூறு, கலித்தொகை, நற்றிணை ஆகிய நூல்களின் துணையோடு இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: உடன்போக்கு, நெய்தல், பாலை, கொற்கை, முத்து, கரணம், மறுதரவு, திரைப்படம்.

முன்னுரை

பெற்றோர் அறியாமல் தலைவனும் தலைவியும் ஊரை நீங்கிச் செல்வது உடன்போக்கு. களவில் தொடங்கிய உறவு கற்பாக மாறும் வாயில்களுள் இதுவும் ஒன்று. இக்கருவைத் தமிழ்த் திரைப்படம் பலமுறை கையாண்டுள்ளது. பாரதிராஜா இயக்கிய ‘அலைகள் ஓய்வதில்லை’ (1981) அவற்றுள் கடற்கரையைக் களமாகக் கொண்டது. வெஸ் ஆண்டர்சன் இயக்கிய ‘மூன்ரைஸ் கிங்டம்’ (2012) என்னும் அமெரிக்கத் திரைப்படமும் 1965ஆம் ஆண்டின் கற்பனைத் தீவொன்றில் பன்னிரண்டு வயதுச் சிறுவனும் சிறுமியும் ஓடிப்போகும் கதையைக் கூறுகிறது. இவ்விரண்டையும் முத்துக்குளித்துறையின் இலக்கியப் பதிவுகளோடு வைத்து நோக்கும்போது, கடல் காதலர்க்கு வழியாகிறதா, தடையாகிறதா என்னும் வினா எழுகிறது.

நெய்தலில் இடம்பெறாத பத்து

ஐங்குறுநூற்றில் நெய்தல் பற்றிய நூறு பாடல்களை அம்மூவனாரும், பாலை பற்றிய நூறு பாடல்களை ஓதலாந்தையாரும் பாடியுள்ளனர். பாலைப் பகுதியின் இறுதி முப்பது பாடல்கள் (371-400) உடன்போக்கைப் பற்றியவை. மகட்போக்கியவழித் தாயிரங்கு பத்து, உடன்போக்கின்கண் இடைச்சுரத்து உரைத்த பத்து, மறுதரவுப் பத்து என அவை வரிசைப்படுகின்றன. வீட்டின் துயரம், வழியின் நிகழ்வு, மீண்டு வருதல் என்னும் மூன்று நிலைகளில் ஒரு முழுக்கதை இங்கு அமைந்துவிடுகிறது.

நெய்தற் பகுதியிலோ உடன்போக்கிற்கெனத் தனிப் பத்து இல்லை. கொற்கைத் துறையையும் அதன் முத்தையும் குறிக்கும் பாடல்கள் அதன் நெய்தற் பத்தில் இடம்பெறினும், அங்குத் தலைவி துறையிலேயே இருக்கிறாள். தலைவன் வந்து செல்பவனாக இருக்கிறான்.

இதற்குத் திணை வகுப்பு ஒரு காரணம். கொண்டுதலைக்கழிதல் எனத் தொல்காப்பியம் சுட்டும் நிகழ்வு பிரிவோடு சார்த்தி எண்ணப்படுகிறது. தலைவியைத் தன் சுற்றத்திலிருந்து பிரிப்பதாலும், வெம்மை மிக்க சுரவழியில் நிகழ்வதாலும் அது பாலைக்கு உரியதாயிற்று. மற்றொரு காரணமும் உண்டு. முந்நீர் வழக்கம் மகளிரோடு நிகழ்வதில்லை என்று அகத்திணையியல் விதிக்கிறது. இந்நூற்பாவின் பொருளில் உரை வேறுபாடு உண்டெனினும், பெண்ணை உடன்கொண்டு கடல்வழிச் செல்லுதல் அகப்பாடலில் இல்லை என்பதே பரவலாகக் கொள்ளப்படும் கருத்து. எனவே பரதவர் மகள் உடன்போக வேண்டுமாயின் கடலுக்குப் புறங்காட்டி உள்நிலம் நோக்கியே நடக்க வேண்டும். அகமரபில் கடல் பொருள்தேடும் ஆடவர்க்கு வழி. காதலர் இருவர்க்கும் அது நிலத்தின் முடிவு.

விட்டுச்சென்றவையும் எடுத்துச்சென்றவையும்

உடன்போகும் தலைவி இளையவள் என்பதைப் பாடல்கள் அவளுடைய விளையாட்டுப் பொருள்களால் உணர்த்துகின்றன. தாயிரங்கு பத்தின் பாடலொன்றில் (377) மகள் விட்டுச்சென்ற பந்து, பாவை, கழங்கு ஆகியவற்றைக் கண்டு தாய் வருந்துகிறாள். பொருள்கள் வீட்டில் எஞ்சுவதே குழந்தைப் பருவம் முடிந்ததற்குச் சான்றாகிறது.

‘மூன்ரைஸ் கிங்டம்’ இதனைத் தலைகீழாக்குகிறது. அதன் சிறுமி சூசி ஒரு பெட்டி நிறையக் கதைப்புத்தகங்களையும், தம்பியின் இசைத்தட்டுக் கருவியையும், ஒரு பூனைக்குட்டியையும் எடுத்துக்கொண்டு புறப்படுகிறாள். குழந்தைமையை விட்டு நீங்காமல் அதனையும் சுமந்து செல்வதே இப்படத்தின் நகைச்சுவைக்கும் இரக்கத்திற்கும் அடிப்படை.

நற்றிணையின் 362ஆம் பாடல் இவ்விரு நிலைகளுக்கும் இடைப்பட்டது. சுரவழியில் தலைவன் தலைவியைச் சிறிது நேரம் விளையாடச் சொல்கிறான். போர் வந்தால் எதிர்கொள்வதாகவும், அவளுடைய சுற்றத்தார் வந்தால் மறைந்துகொள்வதாகவும் கூறுகிறான். தலைவியின் தமரோடு அவன் போரிட விரும்பவில்லை. அவர்கள் நாளை தனக்கும் உறவினர் ஆகவேண்டியவர்கள் என்னும் எண்ணம் இக்கூற்றில் உள்ளது. உடன்போக்கின் இலக்கு உறவை அறுப்பதன்று என்பதற்கு இப்பாடல் தக்க சான்று.

நீருக்குப் பயன்படாத முத்து

உடன்போக்கிற்கு ஆதரவான வலிமையான வாதம் முத்தைக்கொண்டே அமைந்துள்ளது. கலித்தொகையின் 9ஆம் பாடலில் மகளைத் தேடிச் சுரவழியில் வரும் செவிலி, எதிரே வரும் முக்கோல் ஏந்திய அந்தணரை வினவுகிறாள். இருவரையும் கண்டோம் என்று கூறும் அவர்கள் மூன்று உவமைகளால் அவளைத் தேற்றுகின்றனர். சந்தனம் மலையில் பிறந்தாலும் மலைக்குப் பயன்படுவதில்லை. முத்து நீரில் பிறந்தாலும் அணிபவர்க்கே பயன்படுகிறது. இசை யாழில் பிறந்தாலும் யாழுக்கு உதவுவதில்லை. மகளும் அத்தகையவளே என்றும், அவள் சென்ற வழி அறத்தோடு பட்டது என்றும் அவர்கள் முடிக்கின்றனர்.

முத்துக்குளித்துறையின் வாழ்வோடு பொருத்தினால் இவ்வுவமையின் ஆழம் புலப்படும். சங்க காலத்துக் கொற்கை முதல் பிற்காலத் தூத்துக்குடி வரை இக்கடற்கரையின் செல்வம் துறையை விட்டு நீங்குவதாலேயே மதிப்புப் பெற்றது. மூச்சடக்கி மூழ்கி எடுத்தவர் அதனை அணிந்தவர் அல்லர். மன்னார் வளைகுடாவின் தமிழகப் பகுதியில் 1961ஆம் ஆண்டோடு முத்துக்குளித்தல் நின்றுபோனது. கொற்கையும் இன்று கடலிலிருந்து விலகி உள்நாட்டு ஊராக உள்ளது. ஆயினும் பிறந்த இடம் தன்னிடம் பிறந்ததற்கு உரிமை கொண்டாட இயலாது என்னும் கருத்து, கடல் தராத வழியை முத்து தருவதாக இலக்கியத்தில் நிலைபெற்றுள்ளது.

கரணமும் சாட்சியும்

கொள்வதற்குரியோர்க்குக் கொடுப்பதற்குரியோர் கரணத்தோடு கொடுப்பதே கற்பு எனக் கற்பியலின் முதல் நூற்பா வரையறுக்கிறது. அடுத்த நூற்பாவே, இருவரும் உடன்போன காலத்தில் கொடுப்போர் இல்லாமலும் கரணம் உண்டு என்று விலக்கு அளிக்கிறது. கொடுப்போர் இல்லையெனினும் கரணம் நீங்குவதில்லை என்பது கருதத்தக்கது. உடன்போக்கு உறவுக்குப் பிறர் ஏற்பு தேவை; அதனைத் தருவோர் பெற்றோராகவே இருக்கவேண்டும் என்பதில்லை.

‘மூன்ரைஸ் கிங்டம்’ படத்தில் சாரணர் முகாமைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் அவ்விருவர்க்கும் மணச்சடங்கு நடத்துகிறார். அது சட்டப்படி செல்லாது என்பதையும் அவரே கூறிவிடுகிறார். படகில் தப்பும் முயற்சியும் நிறைவேறவில்லை. புயலுக்குப் பின் சிறுவனைத் தீவின் காவல் அதிகாரி தம் பொறுப்பில் ஏற்கிறார். ஆதரவற்ற சிறுவனுக்கு ஊரில் ஓர் இடம் கிடைப்பதே முடிவு. கடல் சூழ்ந்த நிலத்தில் இடைச்சுரப் பத்து சுருங்கி, மறுதரவுப் பத்து விரிகிறது எனலாம்.

கன்னியாகுமரி மாவட்டத்தின் முட்டம் கடற்கரையில் எடுக்கப்பட்ட ‘அலைகள் ஓய்வதில்லை’ மறுதரவை மறுக்கிறது. பிராமண இளைஞன் விச்சுவும் கிறித்தவப் பெண் மேரியும் இறுதியில் பூணூலையும் சிலுவையையும் களைந்துவிட்டு ஊரை நீங்குகின்றனர். அவர்களைத் துரத்துவோர் உண்டு. துணைநிற்கும் நண்பர் உண்டு. செவிலியைத் தேற்றிய அந்தணர் போல, சென்றது அறவழி என ஊருக்கு எடுத்துரைக்கும் சான்றோர் இல்லை. கரணத்தை அளிக்கும் இரு மரபுகளின் அடையாளங்களும் நீக்கப்பட்டதால், படம் அவர்கள் செல்லும் திசையைக் காட்டி நிற்கிறது, சேருமிடத்தைக் காட்டவில்லை.

இதில் நடித்த கார்த்திக்கின் மகனும் ராதாவின் மகளும் 2013இல் மணிரத்னம் இயக்கிய ‘கடல்’ படத்தில் இணையாக அறிமுகமாயினர். அப்படத்தின் காட்சிகள் தூத்துக்குடி மாவட்ட மணப்பாட்டில் எடுக்கப்பட்டன. அதன் உச்சக்காட்சியில் புயற்கடல் மனிதரைச் சோதிக்கும் களமாகிறது. அங்கும் கடல் காதலர் தப்பிச்செல்லும் வழியன்று.

ஒப்பீட்டின் எல்லை

சங்க உடன்போக்கை இன்றைய காதல் மணங்களுக்கு முன்னோடியாகக் காட்டும் ஆய்வுகள் ஒன்றைக் கருத்திற்கொள்ள வேண்டும். தொல்காப்பியம் கூறும் தலைமக்கள் ஒத்த கிழவனும் கிழத்தியும் ஆவர். அவ்வொப்புமையில் பிறப்பும் குடிமையும் அடங்கும். எனவே சங்கப் பாடலின் தாய் மகளின் இளமையையும் வழியின் கொடுமையையும் எண்ணி வருந்துகிறாள். தலைவனின் பிறப்பு அவள் வருத்தத்திற்குக் காரணமாவதில்லை. பிறப்பால் வேறுபட்டோர் இணையும்போது நிகழும் வன்முறையை அம்மரபு எதிர்கொள்ளவில்லை. திரைப்படம் எதிர்கொள்வது அதனையே.

கொடுப்போர் இன்றியும் கரணம் உண்டு என்னும் நெறி இக்காலச் சட்டத்தில் வேறு வடிவம் பெற்றுள்ளது. 1967ஆம் ஆண்டின் சென்னை மாநிலத் திருத்தச் சட்டம், இந்துக்களின் சுயமரியாதைத் திருமணத்தைப் புரோகிதர் இன்றியும் செல்லத்தக்கதாக்கியது. வயதுவந்த இருவர் மணம்புரியக் குடும்பத்தின் அல்லது சமூகத்தின் ஒப்புதல் தேவையில்லை என உச்ச நீதிமன்றம் 2018இல் சக்தி வாகினி வழக்கில் தீர்ப்பளித்தது. இவ்வுரிமை பிறப்பின் ஒப்புமையைக் கேட்பதில்லை. இலக்கண விலக்கிற்கும் சட்ட உரிமைக்கும் உள்ள அடிப்படை வேறுபாடு இதுவாகும்.

முடிவுரை

நெய்தல் நிலத்தில் காதலர் செல்லும் வழியைக் கடல் தடுக்கிறது. அதனால் கடற்கரை உடன்போக்குக் கதைகளில் ஓட்டத்தைவிட ஏற்பே முதன்மை பெறுகிறது. தீவுக் கதையில் ஒருவர் முன்வந்து ஏற்கிறார். முட்டத்துக் கதையில் அவ்விடம் வெறுமையாக உள்ளது. கலித்தொகையின் வழிப்போக்கர் அவ்விடத்தில் நின்று பேசியவர்கள். காதலர்க்கு உறவினர் அல்லாத அவர்கள், தேடிவந்த செவிலியிடம் முத்தைச் சுட்டிக் காட்டித் திரும்பிச் செல்லுமாறு கூறினர். இன்று தேடிவருவோரிடம் அச்சொல்லைச் சொல்லும் பொறுப்பு யாருடையது என்னும் வினாவைக் கடற்கரைத் திரைப்படங்கள் எழுப்புகின்றன.