முழுதாக வந்துசேர்ந்ததா உங்கள் கோப்பு?

2023ஆம் ஆண்டு ஐப்பசி மாதத்தில் ஒரு வியாழக்கிழமை. காலை பத்தரை மணிக்கு எமக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. தூண் நகரில் வசிக்கும் அக்கா ஒருவர், பேர்னிலுள்ள தமது சட்டத்தரணியின் அலுவலகத்தில் இருந்தபடி பேசினார்.

"தம்பி, நீங்கள் தந்த கட்டு இஞ்சை திறக்குதில்லையாம். இண்டைக்குப் பின்னேரத்துக்குள்ள அனுப்பவேணும் எண்டு சொல்லீனம்."

அவருடைய கணவரும் இரண்டு பிள்ளைகளும் அப்போது வவுனியாவில் இருந்தார்கள். குடும்ப இணைவு விண்ணப்பத்துக்கு அன்றுதான் கடைசி நாள். பிறப்புப் பதிவு, திருமணப் பதிவு, கிராம அலுவலர் கடிதம், பாடசாலை விடுகைப் பத்திரம் என 37 ஆவணங்களை எமது தொண்டர்கள்தான் ஸ்கான் செய்து, சஞ்சிகையின் இணையப் பெட்டகத்தில் வைத்துக் கொடுத்திருந்தார்கள். அதில் 'எல்லாவற்றையும் இறக்கு' என்று ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்தினால் அத்தனையும் ஒரே சிப் கட்டாக வரும். அக்காவும் முதல்நாள் இரவு அழுத்தினார். உலாவி 'முடிந்தது' என்று காட்டியது. பென் ட்ரைவில் போட்டுக்கொண்டு ரயில் ஏறிவிட்டார்.

முதலில் நாம் அந்தப் பென் ட்ரைவில்தான் குறை கண்டோம். வெட்கத்தோடு எழுதுகிறோம். கட்டின் அளவைக் கேட்டபோதுதான் எமக்கு உறைத்தது. 412 மெகாபைட் இருக்கவேண்டிய இடத்தில் 268 மட்டுமே இருந்தது. குறை எமது சேர்வரில்!

நடந்ததை விளங்கிக்கொள்ள ஊர்க் கடிதங்களை நினைத்துப் பாருங்கள். ஆளிடம் கொடுத்தனுப்பும் கடிதம் கைமாறிக் கைமாறி வரும். இடையில் தாள் தொலையும். அதனால் எங்கள் அம்மாமார் தலைப்பிலேயே 'நாலு பக்கம்' என்று எழுதிவிடுவார்கள். எழுத மறந்தாலும் அடியில் 'இப்படிக்கு' என்று கையெழுத்து இருக்கும். அது இல்லாவிட்டால் ஒரு தாள் எங்கோ விழுந்துவிட்டது என்று தெரிந்துகொள்வோம்.

சேர்வர் உங்கள் உலாவிக்குக் கோப்பை அனுப்பும் முறையும் ஏறத்தாழ இதுதான். கோப்புக்கு முன்னால் ஓர் இலக்கம் போகும். 200 என்றால் 'சரி, இதோ தருகிறேன்'. 404 என்றால் 'அப்படி ஒன்று இல்லை'. 500 என்றால் 'என்னிடம் கோளாறு'. சிக்கல் எங்கே என்றால், இந்த இலக்கம் முதலில் போய்விடுகிறது. சிறிய பக்கமென்றால் எல்லாவற்றையும் தயார் செய்து பார்த்த பிறகு இலக்கத்தைச் சொல்லலாம். பெரிய கோப்பை அப்படி நினைவகத்தில் தேக்கிவைக்க முடியாது. வாசிக்க வாசிக்க அனுப்பவேண்டும். 200 என்று சொல்லி, 268 மெகாபைட்டும் போன பிறகு தட்டு பழுதானால், திரும்பப் போய் 500 என்று மாற்றிச் சொல்ல வழியில்லை. சில நிரல்கள் அந்த நேரத்தில் பிழைச் செய்திப் பக்கத்தை அனுப்பப் பார்க்கும். அது போய் உங்கள் கோப்பின் வயிற்றுக்குள் ஒட்டிக்கொள்ளும்.

அப்படியானால் கோப்பு முடிந்ததென்று உலாவிக்கு எப்படித் தெரியும்? 1996இல் வெளியான எச்.ரீ.ரீ.பி 1.0 விதிகளில், நீளம் முன்கூட்டிச் சொல்லப்படாவிட்டால் இணைப்பு மூடப்படுவதுதான் முடிவு. முழுக் கடிதமும் கிழிந்த கடிதமும் ஒன்றுபோலவே தெரியும். 1997 தையில் வந்த 1.1 இதற்கு வழி செய்தது. நீளம் தெரிந்தால் தலைப்பில் சொல்லலாம். அது 'நாலு பக்கம்'. தெரியாவிட்டால் துண்டு துண்டாக, ஒவ்வொரு துண்டின் அளவையும் சொல்லி அனுப்பி, கடைசியில் பூச்சிய அளவுள்ள ஒரு துண்டை அனுப்பவேண்டும், அதுதான் 'இப்படிக்கு'. அந்தப் பூச்சியம் வராவிட்டால் செய்தி முழுமையற்றது என்று 2022இல் திருத்தி வெளியிடப்பட்ட விதிகளும் தெளிவாகச் சொல்கின்றன.

எமது நிரல் சிப் கட்டைப் போகிற போக்கிலேயே கட்டியது. நீளம் தெரியாததால் துண்டுமுறையில்தான் அனுப்பியது. 23ஆவது ஆவணத்தில் சேர்வரின் தட்டை வாசிக்க முடியாமல் போயிற்று. நிரல் அந்தப் பிழையைப் பிடித்து, பதிவேட்டில் ஒரு வரி எழுதிவிட்டு, நல்ல பிள்ளையாக இணைப்பை முறைப்படி மூடியது. முறைப்படி மூடும்போது பூச்சியத் துண்டும் போய்விட்டது. முடியாத கடிதத்துக்கு 'இப்படிக்கு' போட்டவர்கள் நாம்தான். உலாவி பாவம், அதை நம்பியது.

ஒரு வகையில் அக்காவுக்கு அதிர்ஷ்டம் என்றே சொல்லவேண்டும். சிப் கட்டின் உள்ளடக்க அட்டவணை அதன் கடைசியில் இருப்பதால், வால் அறுந்தால் கட்டுத் திறக்காது. பிழை வெளியே தெரிந்துவிடும். வெறும் எழுத்துக் கோப்பாயிருந்தால் பாதியோடு திறந்திருக்கும். குறையிருக்கிறதென்று எவருக்கும் தெரியாமலே விண்ணப்பமும் போயிருக்கும்.

அன்று ஆவணங்களை ஒவ்வொன்றாக அனுப்பினோம். வாசிக்க முடியாத 23ஆவது, மூத்த மகளின் பிறப்புப் பதிவு. அதை மாற்றுப் பிரதி வைத்திருந்த தட்டிலிருந்து தேடி எடுத்தோம். மூன்றரை மணிக்கு எல்லாம் போய்ச் சேர்ந்தன.

அதன் பிறகு நிரலை மாற்ற எமக்கு மூன்று வார இறுதிகள் எடுத்தன. இடையில் பிழை வந்தால் இப்போது இணைப்பைச் சட்டென்று அறுத்துவிடுகிறோம். பூச்சியத் துண்டு போகாது. உலாவி இறக்கம் தோல்வி என்று சொல்லும். பார்க்க முரட்டுத்தனமாகத் தோன்றினாலும் அதுவே நேர்மையானது. (2015இல் வந்த எச்.ரீ.ரீ.பி 2இல் முழு இணைப்பையும் அறுக்காமல் அந்த ஓர் ஓட்டத்தை மட்டும் நிறுத்த ஏற்பாடு உண்டு.) இது போதாதென்று, கட்டை முதலில் தட்டிலேயே முழுதாகக் கட்டி, திறந்து பரிசோதித்த பின்னரே நீளத்தைச் சொல்லி அனுப்புகிறோம். இங்கே ஒருமுறை தடுக்கி விழுந்தோம். சேர்வருக்கு முன்னால் எஞ்சின்எக்ஸ் என்ற இடைமுகவர் நிற்கிறது. நாம் மாற்றாவிட்டால், பின்னாலிருந்து 60 விநாடிகள் எதுவும் வராதபோது அது இணைப்பைத் துண்டித்துவிடும். எனவே கட்டு தயாராகும்வரை உங்களைக் காக்கவைக்கும் தனிப்பக்கம் ஒன்று வைத்திருக்கிறோம். அது மெதுவாக இருக்கிறதென்று பலர் குறைப்படுகிறீர்கள். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீளம் நிலையாக இருப்பதால் இன்னொரு நன்மையும் கிடைத்தது. பாதியில் அறுந்தால் உலாவி 'இதுவரை வந்தது போக மிச்சத்தைத் தா' என்று கேட்கலாம்; சேர்வர் 206 என்று சொல்லி மீதியை மட்டும் தரும். இடையில் கோப்பு மாறிவிட்டால் பழைய பாதியும் புதிய பாதியும் ஒட்டக்கூடாது. அதற்காக ஒவ்வொரு கட்டுக்கும் ஓர் அடையாளக் குறி வைத்திருக்கிறோம். கைத்தொலைபேசியில் அளந்து இணையம் வாங்கும் குடும்பங்களுக்கு இது காசு மிச்சம்.

உங்கள் பக்கத்தில் செய்யவேண்டியது கொஞ்சம்தான். இறக்கியவுடன் பக்கத்தில் எழுதியிருக்கும் அளவோடு உங்கள் கோப்பின் அளவை ஒப்பிடுங்கள். கட்டைப் பிரித்து, கடைசி ஆவணத்தைத் திறந்து பாருங்கள். முதலாவதைத் திறந்து பார்த்துத் திருப்திப்படுவதில் பயனில்லை. அறுந்தால் வால்தான் அறும். அலுவலகத்தில் பார்க்கலாம் என்று விடாமல் வீட்டிலேயே பாருங்கள். திறந்து பார்க்கும்வரை மூலப் பிரதியைத் தொலைபேசியிலிருந்து அழிக்கவேண்டாம்.

2023 கார்த்திகைக்கு முன் எமது பெட்டகத்திலிருந்து கட்டு இறக்கியவர்கள் தயவுசெய்து மீண்டும் ஒருமுறை இறக்கிக்கொள்ளுங்கள். கணினி இல்லாதவர்கள் ஞாயிறு பின்னேரம் எமது வாசிகசாலைக்குப் பென் ட்ரைவுடன் வந்தால், நாமே திறந்து பார்த்துத் தருவோம்.