காற்றைக் கணிக்கக் கற்கும் மாணவர்கள்

நெய்யாற்று அணையை அடுத்த கள்ளிக்காட்டிலிருந்தும், நெய்யாற்றங்கரை, பாறசாலை எல்லையோரச் சிற்றூர்களிலிருந்தும் பொறியியல் பயிலத் திருவனந்தபுரம் செல்லும் பிள்ளைகள் உண்டு. அந்நகரத்துப் பார்ட்டன் ஹில் அரசு பொறியியல் கல்லூரியின் 'பிரவேகா' மாணவர் குழு, 'வண்டி' எனப் பெயரிட்ட மின்சாரக் கார் ஒன்றை உருவாக்கியது. 2022ஆம் ஆண்டு இந்தோனேசியாவில் நடைபெற்ற ஷெல் எக்கோ மாரத்தான் போட்டியில் அக்குழு தொழில்நுட்பப் புதுமைக்கான விருதைப் பெற்றது. அப்போட்டியில் வேகத்திற்குப் பரிசில்லை. குறைந்த ஆற்றலில் நெடுந்தூரம் செல்வதே வெற்றி.

இத்தகைய வண்டியின் ஆற்றலைக் கவர்ந்து கொள்வனவற்றுள் காற்றும் ஒன்று. வேகம் இருமடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகிறது. அதை வெல்லத் தேவையான திறனோ எட்டு மடங்காகிறது. ஆகவே மேலுடலின் வடிவம் முன்கூட்டியே முடிவாக வேண்டும். அச்சு வார்த்தபின் குறை தெரிந்தால், பெற்றோரும் புரவலரும் திரட்டித் தந்த பணம் வீணாகும். போட்டி நாளும் காத்திராது.

வண்டியைக் கட்டுமுன் காற்றோட்டத்தைக் கணினியிலேயே கணிக்கும் முறை இன்று மாணவர்க்கும் எட்டியுள்ளது. வண்டியைச் சூழ்ந்த வெளியை இலட்சக்கணக்கான சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் காற்றின் வேகத்தையும் அழுத்தத்தையும் கணக்கிடுவதே அம்முறை. இதற்குரிய 'ஓப்பன்ஃபோம்' மென்பொருள் 2004 முதல் இலவசமாகக் கிடைக்கிறது. மும்பை ஐ.ஐ.டி.யின் 'ஃபாஸி' திட்டம் அதைப் பயிற்றுவிக்கிறது.

மென்பொருள் கிடைத்துவிட்டது என்பதனால் அறிவும் கிடைத்துவிடுவதில்லை. கட்டங்கள் பெரிதாயினும், சக்கரங்கள் சுழல்வதைக் கணக்கில் கொள்ளாவிடினும், கணினி அழகிய வண்ணப் படத்தையே காட்டும். அப்படம் மெய்யா பொய்யா என்று கூற அனுபவம் வேண்டும். குழுவில் அத்தகையவர் இல்லையெனில் வெளியே தேடுவதில் இழிவில்லை.

உலகப் பெருநிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸே அவ்வாறு செய்தது. 1987இல் ஆஸ்திரேலியாவில் நடந்த முதல் உலகச் சூரியக் கார் போட்டிக்காக, மனித ஆற்றலால் பறக்கும் விமானத்தை உருவாக்கிப் புகழ்பெற்ற பால் மக்கிரெடியின் ஏரோவைரன்மென்ட் நிறுவனத்தை அது நாடியது. அவ்வாறு பிறந்த 'சன்ரேசர்' கார், டார்வினிலிருந்து அடிலெய்டு வரை ஏறத்தாழ 3,000 கிலோமீட்டரைச் சராசரியாக மணிக்கு 67 கிலோமீட்டர் வேகத்தில் கடந்து முதலிடம் பெற்றது.

நம் பகுதியிலும் இத்துறை வல்லுநர்க்குக் குறைவில்லை. 1963 நவம்பர் 21 அன்று தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் ஏவப்பட்டது. அங்குள்ள விக்ரம் சாராபாய் விண்வெளி மையம், விண்கலங்களின் காற்றியக்கத்தைக் கணிக்க 'பிரவாஹா' என்னும் மென்பொருளையே உருவாக்கியுள்ளது. இத்துறையில் உழைத்து ஓய்வு பெற்றோரையும், பிற கல்லூரிகளின் பேராசிரியரையும் குழுவின் பொறுப்பாசிரியர் வழியாக அணுகலாம்.

எனினும், 'எங்களுக்குக் கற்றுத் தாருங்கள்' என்று வெறுங்கையுடன் சென்றால் எந்த வல்லுநரும் எங்கிருந்து தொடங்குவார்? முதலில், விடை தெரிந்த வடிவம் ஒன்றைக் கணித்துப் பார்ப்பது நன்று. 1984இல் அகமது என்னும் ஆய்வாளரும் உடன் பணியாற்றியோரும் காற்றுச்சுரங்கத்தில் அளந்து வெளியிட்ட எளிய கார் மாதிரி இதற்கென்றே உலகெங்கும் பயன்படுகிறது. அந்த அளவீட்டோடு தங்கள் கணக்கு எங்கு வேறுபடுகிறது என்பதைக் குறித்துக்கொண்டு சென்றால், கேள்வி கூர்மையாகும். அரைமணி நேர உரையாடலும் பெரும்பயன் தரும்.

வல்லுநரிடம் கணக்கைச் செய்து தரும்படி கேளாமல், செய்த கணக்கின் பிழையைக் காட்டும்படி கேட்பதே முறை. அவர் கூறியதைக் குறிப்பேட்டில் எழுதி வைக்கவும் வேண்டும். இறுதியாண்டு மாணவர் ஆண்டுதோறும் விடைபெறும் குழுவில், எழுதப்படாத அறிவு அவர்களோடு போய்விடும்.

வீட்டுக் கடன் விண்ணப்பம் வந்தால், வங்கி தன் எண்ணத்தை மட்டும் நம்புவதில்லை. பத்திரத்தை வழக்கறிஞரிடமும் மனையை மதிப்பீட்டாளரிடமும் காட்டியபின்னரே பணம் தருகிறது. பிறர் சேமிப்பைக் கையாளும்போது அது நம் கடமை. பெற்றோரின் பணத்தில் வண்டி கட்டும் மாணவர்க்கும் அதுவே பொருந்தும். அச்சு வார்க்குமுன் அறிந்தவர் ஒருவரிடம் காட்டிவிடுங்கள் என்பதே அவர்களுக்கு நாம் கூற விரும்புவது.