தண்ணீர் இல்லாத காட்டுக்குப் போகுமுன்

டீயை மெல்லவே குடியுங்கள், கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டிய ஊர் இது. போட்ஸ்வானாவின் நடுவில் இருக்கிறது மத்திய கலஹாரி வனவிலங்குக் காப்பகம். பரப்பு சுமார் 52,800 சதுர கிலோமீட்டர், கேரளத்தைவிடப் பெரிது. பாலைவனம் என்றதும் வெறும் மணல்மேடுகளை நினைத்துவிடாதீர்கள். மழை பெய்தால் புல் மண்டிவிடும், முள்மரங்களும் உண்டு. ஓடுகிற ஆறுதான் கிடையாது. என்றோ ஓடிய ஆறுகளின் தடம் அகன்ற பள்ளத்தாக்குகளாகக் கிடக்கிறது. டிசெப்ஷன் பள்ளத்தாக்கு அவற்றில் ஒன்று.

காடு பார்க்கப் பலரும் வறண்ட மாதங்களைத்தான் தேர்ந்தெடுப்பார்கள், விலங்குகள் தண்ணீரைத் தேடி ஓரிடத்துக்கு வரும் என்பதால். இங்கே அது தலைகீழ். டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை, மழை பெய்து அந்தப் பள்ளத்தாக்குகளில் இளம்புல் தளிர்க்கும்போதுதான் மான்கள் கூடும். பின்னாலேயே சிவிங்கிப்புலியும் கரும்பிடரிச் சிங்கமும் வரும்.

மற்ற மாதங்களில் அவை எப்படிப் பிழைக்கின்றன? எனக்கு மிகப் பிடித்த பகுதி இதுதான். ஈட்டிபோல் கொம்புள்ள ஜெம்ஸ்பாக் மான் குடிக்கத் தண்ணீரே இல்லாமல் பல மாதம் வாழும். இரவில் காற்றின் ஈரத்தை உறிஞ்சியிருக்கும் புல்லை மேயும், கிழங்கைத் தோண்டித் தின்னும். காட்டுக் கொம்மட்டிப் பழம் பெரும்பாலும் நீர்தானே, அதையும் விடாது. வெயிலில் உடல் சூடேறினாலும் வியர்த்து நீரை வீணாக்காமல் தாங்கிக்கொள்ளும். மூச்சுக்காற்றில் குளிர்ந்த மூக்கின் இரத்தம், மூளைக்கு ஏறும் இரத்தத்தின் சூட்டைத் தணித்துவிடும். இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் அந்த மானின் அசையாத நிற்பே வேறு மாதிரி தெரியும்.

நமக்கு அந்த உடல் வாய்க்கவில்லை. குடிநீர், பெட்ரோல், உணவு, விறகு எல்லாம் மௌன் நகரிலேயே வாங்கி ஏற்றிக்கொள்ள வேண்டும். உள்ளே எதுவும் கிடைக்காது. நான்கு சக்கர இழுவை வண்டிதான் போகும். மணலில் டயர் காற்றைக் குறைத்து ஓட்டுங்கள். பலர் கவனிக்காத ஆபத்து புல்லில் இருக்கிறது. அதன் விதைகள் ரேடியேட்டரை அடைத்து எஞ்சினைச் சூடாக்கும். வண்டிக்கடியில், சைலன்சர் குழாயருகே சேரும் காய்ந்த புல் தீப்பிடிக்கும். அடிக்கடி நிறுத்திக் குனிந்து பாருங்கள். கூடாரம் போடும் இடங்களுக்கு வேலி கிடையாது. இருட்டியபின் நடமாட வேண்டாம்.

இன்னொன்றையும் சொல்லாமல் அனுப்ப மாட்டேன். 1961இல் பிரிட்டிஷ் ஆட்சி இந்தக் காப்பகத்தை அமைத்தது விலங்குகளுக்காக மட்டுமல்ல, அங்கே வேட்டையாடியும் கிழங்கு அகழ்ந்தும் வாழ்ந்த சான் மக்களுக்காகவும்தான். பிறகு 1997இலும் 2002இலும் அரசு அவர்களை வெளியேற்றியது. அவர்களுக்குத் தண்ணீர் தந்த மோதோமெலோ ஆழ்துளைக் கிணற்றையும் மூடியது. வழக்குப் போட்டார்கள். திரும்பி வாழும் உரிமை 2006இல் கிடைத்தது. தண்ணீர் எடுக்கும் உரிமைக்கு மறுபடி வழக்காடி, 2011இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் வென்றார்கள். காப்பகத்துக்குள் இன்றும் அவர்களின் குடியிருப்புகள் இருக்கின்றன. அந்தப் பக்கம் போக நேர்ந்தால் வண்டியை மெதுவாக்குங்கள், கேட்காமல் படமெடுக்காதீர்கள், உங்கள் தண்ணீரை நீங்களே கொண்டுபோங்கள்.