கூண்டு பூட்டியே இருக்கு, கோழியைக் காணோம்... எப்படி?

காலையில் கோழிக்கூண்டைத் திறக்கிறீர்கள். நேற்று ஐந்து கோழிகள், இன்று நாலுதான். பூட்டு அப்படியே இருக்கிறது. மூலையில் வயிறு உப்பிய மலைப்பாம்பு ஒன்று சுருண்டு கிடக்கிறது.

மலேசியாவில் இது புதுக்கதை இல்லை. கம்பத்தில் மட்டுமல்ல, செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய தாமான்களிலும் நடக்கிறது. பாம்பு நுழைந்தது வலையில் இருந்த ஓட்டை வழியாகத்தான். கோழியை விழுங்கிய பிறகு அதே ஓட்டையில் திரும்ப முடியாமல் மாட்டிக்கொண்டது.

வந்தது யார்?

• சுவடே இல்லாமல் ஒரு கோழி மட்டும் மறைந்தால், மலைப்பாம்பாக இருக்கலாம்.
• கழுத்து கடிபட்டு இறகுகள் சிதறிக் கிடந்தால், மூசாங் மீது சந்தேகப்படலாம். இரவில் வரும், நன்றாக மரம் ஏறும்.
• பல கோழிகள் செத்துக் கிடந்தும் தின்னப்படவில்லை என்றால், பெரும்பாலும் தெருநாய்.
• பகலில் முட்டையும் குஞ்சும் காணாமல் போனால், பியாவாக் என்று நாம் சொல்லும் உடும்போ பருந்தோ காகமோ வந்திருக்கலாம்.

வலையில்தான் விஷயமே இருக்கு

கோழிவலை என்று கேட்டால், கடையில் அறுகோண ஓட்டை உள்ள மெல்லிய வலையைத்தான் எடுத்துத் தருவார்கள். கோழி வெளியே போகாமல் இருக்க அது போதும். ஆனால், நாய் இழுத்தால் கிழியும். பாம்பும் எலியும் சுலபமாக நுழையும்.

நீங்கள் வாங்க வேண்டியது, பற்றவைத்த சதுரக் கம்பிவலை. ஓட்டை அரை அங்குலம், அதாவது சுமார் 13 மில்லிமீட்டர் இருக்கட்டும். விலை கொஞ்சம் கூடத்தான். முழுக் கூண்டுக்கும் கட்டுப்படியாகாவிட்டால், கோழிகள் இரவில் அடையும் பகுதிக்காவது போடுங்கள்.

வேறு என்ன செய்யலாம்?

• தரை: வலையின் அடிப்பகுதியை வெளிப்பக்கமாக ஓர் அடிக்கு மடித்து மண்ணால் மூடுங்கள். சுவரோரம் தோண்டும் நாய்க்கு வலைதான் தட்டுப்படும்.
• கூரை: மேலேயும் மூடுங்கள். கூண்டைத் தொடும் கிளைகளை வெட்டிவிடுங்கள்.
• கதவு: இடுக்கு இல்லாமல் மூட வேண்டும். தள்ளினால் கழன்றுவிடும் கொக்கி வேண்டாம்.
• நேரம்: பொழுது சாயும்போது கோழிகள் தாமாகவே அடைய வரும். அப்போதே எண்ணிப் பார்த்துப் பூட்டுங்கள்.
• தீனி: ராத்திரி மிச்சம் வைக்காதீர்கள். தீனிக்கு எலி வரும், எலியைத் தேடிப் பாம்பு வரும்.

கந்தகம் தூவினால் பாம்பு வராது என்று வீட்டில் பெரியவர்கள் சொல்லியிருப்பார்கள். அதற்கு நம்பகமான ஆதாரம் இல்லை. அதை நம்பி ஓட்டையை அடைக்காமல் விடாதீர்கள்.

பாம்பு உள்ளேயே இருந்தால்?

கம்பை எடுக்காதீர்கள். டார்ச் வெளிச்சத்தில் அது மலைப்பாம்பா, நாகப்பாம்பா என்று உறுதியாகச் சொல்வது கஷ்டம். பிள்ளைகளையும் வளர்ப்பு நாயையும் தள்ளி நிறுத்துங்கள். 999-ஐ அழைத்து விவரம் சொல்லுங்கள். பொதுத் தற்காப்புப் படையோ தீயணைப்பு மீட்புப் படையோ வந்து பிடிக்கும். அதுவரை, பாம்பு எங்கே நகர்கிறது என்று தூரத்திலிருந்து கவனித்தால் போதும்.

இன்னொரு காரணமும் உண்டு. தீபகற்ப மலேசியாவில் மலைப்பாம்பும் உடும்பும் 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்டவை. இஷ்டத்துக்கு அடித்துக் கொல்ல முடியாது. பார்க்கப்போனால், நம் வீட்டைச் சுற்றியுள்ள எலிகளைக் குறைப்பதும் இந்தப் பாம்புதான்.

புதிதாகக் கோழி வளர்க்கப் போகிறீர்களா? உங்கள் தாமானில் அதற்கு அனுமதி உண்டா என்று ஊராட்சி மன்றத்தில் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே வளர்க்கிறீர்கள் என்றால், இன்று சாயங்காலமே கூண்டை ஒரு சுற்று சுற்றி வாருங்கள். எந்த ஓட்டையிலாவது உங்கள் கட்டைவிரல் நுழைகிறதா? அப்படியென்றால், இருட்டுவதற்குள் அதை அடைத்துவிடுங்கள்.