தகடு மடிப்பதில் ஒரு கணக்கு

அம்மா வீட்டுப் பரணில் ஒரு டிரங்குப் பெட்டி கிடக்கிறது. நான் பள்ளியில் படித்தபோது அது கட்டிலுக்கடியில் இருந்தது. அதை இழுத்துப் போட்டு, மேலே ஏறி நின்றுதான் அலமாரியின் மேல்தட்டை எட்டுவேன். பெட்டித் தகட்டின் கனம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. அதே தகட்டை இரண்டு செங்கல்லுக்கு நடுவே பாலமாக வைத்து மிதித்திருந்தால் உடனே தொங்கிப்போயிருக்கும். பெட்டியான பிறகு மட்டும் எப்படித் தாங்கியது?

மடிப்புதான் காரணம். வளையாமல் தாங்கும் திறன் தகட்டின் கனத்தோடு கன மடங்கில் ஏறுகிறது: கனம் இரண்டு மடங்கானால் விறைப்பு எட்டு மடங்கு. ஆனால் கனத்தைக் கூட்டினால் எடையும் விலையும் கூடும். தகர வேலைக்காரர்கள் கண்டுகொண்ட வழி வேறு. ஓரத்தை மடித்துச் சுவராக நிறுத்தினால், அந்தச் சுவரின் உயரமே கனம்போல வேலை செய்கிறது. மூடியில் ஓடும் புடைப்பு வரிகளும், ஓரத்தில் கம்பியை உள்ளே வைத்துச் சுருட்டிய விளிம்பும் அதற்காகத்தான். தகரப் பட்டறையின் எல்லாக் கருவிகளும் இந்த மடிப்பை நோக்கியே வரிசை கட்டி நிற்கின்றன என்பேன்.

முதலில் தகட்டின் கனம் தெரிய வேண்டும். கடையில் ‘22 கேஜ் கொடுங்க’ என்று கேட்பார்கள். எண் பெரிதானால் தகடு மெல்லியது. பிரிட்டிஷ் கம்பி அளவுமுறையில் 18 கேஜ் என்பது 1.22 மி.மீ.; 22 கேஜ் 0.71 மி.மீ. இந்தத் தலைகீழ் எண் கம்பி இழுப்பவர்களிடமிருந்து வந்தது. கம்பியை எத்தனை துளைகளில் இழுத்தார்களோ, அத்தனைக்கு அது மெலிந்தது. குழப்பம் வேண்டாமென்றால் வெர்னியர் காலிப்பரை வைத்து அளந்துவிடலாம்.

கோடு போட மூலைமட்டமும் கூரான எஃகு ஊசியும் போதும். வெட்டக் கத்திரி. தகடு வெட்டும் கைக்கத்திரிகளின் பிடியில் வண்ணம் இருக்கும்: மஞ்சள் நேர்க்கோட்டுக்கு, சிவப்பு இடப்பக்கம் வளைத்து வெட்ட, பச்சை வலப்பக்கம். கத்திரியின் திருகாணி தளர்ந்து இரு அலகுகளுக்கும் நடுவே இடைவெளி விழுந்துவிட்டால் தகடு வெட்டுப்படாது. அந்த இடுக்கில் மடங்கிச் சிக்கிக்கொள்ளும். வெட்டிய ஓரத்தில் நிற்கும் பிசிறை அரத்தால் தேய்த்த பிறகே கையால் தொட வேண்டும். என் ஆள்காட்டி விரலில் இருக்கும் வெள்ளைத் தழும்பு, பிசிறு எடுக்காத ஒரு தகட்டைத் தடவிப் பார்த்ததன் மிச்சம்.

இனி மடிப்பு. சிறு பட்டறையில் ஒரு துண்டுத் தண்டவாளமும் மரத்தாலான கொட்டாப்புளியும் இருக்கும். இரும்புச் சுத்தியல் விழுந்த இடத்தில் தகடு நசுங்கி மெலிந்து பக்கவாட்டில் பரவும். பரவியது போக இடமில்லாமல் தொப்பை தள்ளும். மரம் அந்த அடியைப் பரவலாக்கி, தகட்டைக் காயப்படுத்தாமல் மடித்துவிடுகிறது.

மடிக்கும்போது வெளிப்புறம் இழுபடுகிறது, உட்புறம் அமுங்குகிறது. இரண்டுக்கும் இடையே நீளமே மாறாத ஓர் அடுக்கு உண்டு. அது நட்டநடுவில் இல்லை, சற்று உட்பக்கம் தள்ளி இருக்கிறது. தகடு வாங்கும் கணக்கு முழுக்க அந்த அடுக்கில்தான். ஒரு மி.மீ. தகட்டில் வெளியளவு 100 மி.மீ., 50 மி.மீ. கொண்ட ‘எல்’ வடிவம் வேண்டும், உள்வளைவின் ஆரமும் ஒரு மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். 150 மி.மீ. வெட்டுவதுதான் புதியவர் செய்யும் தவறு. நேர்ப்பகுதிகள் 98-ம் 48-ம். மாறாத அடுக்கு தகட்டின் உள்முகத்திலிருந்து 0.4 மி.மீ. தள்ளி இருந்தால், அதன் கால்வட்ட நீளம் 2.2 மி.மீ. ஆக 148.2 மி.மீ. போதும். எதிரெதிர்ச் சுவர்கள் இரண்டிலும் இதே பிழை விழுந்தால் 3.6 மி.மீ. மிஞ்சும். அப்புறம் மூடி பெட்டியில் உட்காராது.

இன்னொரு தொல்லை, மடித்துவிட்டுக் கையை எடுத்ததும் தகடு கொஞ்சம் திரும்பி வருவது. உலோகம் நிரந்தரமாக உருமாறினாலும், அதில் ஒரு பங்கு ரப்பர்போல மீள்கிறது. உலோகத்தின் வலிமை கூடக்கூட மீள்வதும் கூடும்; அதன் மீள்தன்மை எண் கூடினால் குறையும். அந்த எண் எஃகுக்குச் சுமார் 200 கிகாபாஸ்கல், அலுமினியத்துக்குச் சுமார் 70. ஆகவே ஒரே வலிமையும் கனமும் கொண்ட தகடுகளில் அலுமினியம் ஏறக்குறைய மூன்று மடங்கு திரும்பி வரும். போதாததற்கு, ஆலையில் உருட்டிய திசைக்கு இணையாக மடித்தால் விரிசல் விடும் வாய்ப்பும் அதிகம்.

மடித்தவற்றை இணைக்க ரிவெட்டோ ஸ்பாட் வெல்டிங்கோ போதும். வெட்டுவதில்தான் காலம் பெரிதாக மாறியது. மகாராஷ்டிரத்தின் பாராமதியில் பிறந்த குமார் படேல் 1964-ல் பெல் ஆய்வகத்தில் கார்பன் டை ஆக்ஸைடு லேசரை உருவாக்கினார். 1967-ல் இங்கிலாந்தில் பீட்டர் ஹவுல்ட்கிராஃப்ட், அதே வகை லேசர் கதிரோடு ஆக்சிஜனையும் பீய்ச்சி ஒரு மி.மீ. எஃகுத் தகட்டை வெட்டிக் காட்டினார்.

இன்று லேசர் வெட்டிய தகடு கணினி இயக்கும் பெண்டிங் மெஷினுக்குப் போகிறது. அங்கே நிற்பவர் முதலில் அதே தகட்டின் கழிவுத் துண்டு ஒன்றை மடித்து, கோணமானியை வைத்துப் பார்க்கிறார். 92 டிகிரி. இரண்டு டிகிரி திரும்பி வந்திருக்கிறது. திரையில் எண்ணை மாற்றிவிட்டு இன்னொரு துண்டை எடுக்கிறார்.