உங்கள் பெயரில் ஒரு பாலிசி

உத்தரப் பிரதேசத்தின் சம்பல் மாவட்டத்தில் 2025 ஜனவரியில் ஒரு வாகனச் சோதனை. நிற்காமல் தப்பப் பார்த்த காரை மடக்கியபோது, பணமும் யார் யாருடைய பெயரிலோ இருந்த டெபிட் கார்டுகளும் சிக்கின. தோண்டத் தோண்ட, பல மாநிலங்களில் வேர் விட்டிருந்த ஒரு கும்பல் வெளியே வந்தது.

போலீஸார் சொன்ன விவரம் மனதை உலுக்குகிறது. புற்றுநோய் போன்ற நோய்களால் நாளை எண்ணிக்கொண்டிருக்கும் ஏழைகளைக் கும்பல் தேடிப் பிடிக்கும். ‘அரசு உதவி வாங்கித் தருகிறோம்’ என்று ஆதார் கார்டையும் கையெழுத்தையும் வாங்கும். நோயாளி திடகாத்திரமாக இருப்பதாகக் காட்டி ஆயுள் காப்பீடு எடுக்கும். அவர் கண்ணை மூடியதும், நாமினி பெயரில் தொடங்கிய வங்கிக் கணக்குக்கு வரும் லட்சங்களை அப்படியே சுருட்டிவிடும். ஏற்கெனவே இறந்துபோனவர்கள் பெயரிலும் பாலிசி எடுத்திருக்கிறார்கள். காப்பீட்டுப் பணத்துக்காக ஆளைக் கொன்று, விபத்தாகக் காட்டியதாகவும் வழக்குகள் பதிவாகியிருக்கின்றன.

இன்ஷூரன்ஸ் மோசடி என்றாலே கம்பெனியை ஏமாற்றுகிற ஆள்தான் நம் நினைவுக்கு வருவார். கேரளத்தில் 1984-ல், தான் இறந்துவிட்டதாக நம்பவைக்க, தன் உடல்வாகு கொண்ட இன்னொருவரைக் கொன்று காரோடு எரித்த சுகுமார குறுப்பின் கதை இன்றும் பேசப்படுகிறது. அவர் இன்றுவரை பிடிபடவில்லை. ஆனால், பிரீமியத்தை ஒழுங்காகக் கட்டிவரும் சாதாரணக் குடும்பம் ஏமாற்றப்படும் கதை செய்தியாவதே அபூர்வம். அதற்குக் கொலைகாரக் கும்பல் தேவையில்லை, ஒரு போன் போதும்.

“சார், உங்க பழைய பாலிசியில போனஸ் ரெண்டரை லட்சம் நிக்குது. ஏஜென்ட் கோடு இன்னும் எடுக்காததால கமிஷன் அவருக்கே போய்ட்டிருக்கு. அதை எடுத்துட்டா மொத்தமும் உங்களுக்குத்தான்.” பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் தொடங்கும். பேசுபவர் பாலிசி எண்ணைச் சொல்வார், பிரீமியத் தேதியைச் சொல்வார், நாமினி பெயரையும் சரியாகச் சொல்வார். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இதைக் கேட்டு நம்பினால் அவரைக் குறை சொல்ல முடியாது. இந்த விவரங்கள் வெளியே விலைக்குக் கிடைக்கின்றன. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஒரு பெரிய மருத்துவக் காப்பீட்டு நிறுவனத்தின் வாடிக்கையாளர் விவரங்கள் 2024-ல் டெலிகிராமிலேயே கிடைத்தன.

முதலில் ‘ஃபைல் சார்ஜ்’ என்று சில ஆயிரம் கேட்பார்கள். அடுத்து ஜிஎஸ்டி, அதற்கடுத்து டிடிஎஸ். சிலரிடம், ‘பழைய பணத்தை விடுவிக்கப் புதிய பாலிசி ஒன்று எடுக்க வேண்டும்’ என்பார்கள். கட்டிய பணத்தை விட மனம் வராமல் மேலும் மேலும் கட்டுகிறவர்களே அதிகம். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ எந்தப் பாலிசியையும் விற்பதில்லை, போனஸ் தருவதில்லை, அதற்காக யாரையும் போனில் அழைப்பதுமில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள், மருத்துவ பாலிசிகளின் பிரீமியத்துக்கு ஜிஎஸ்டியே கிடையாது. கேட்பாரற்றுக் கிடக்கும் பணம் உங்களுக்கு உண்மையிலேயே இருந்தால், அந்த நிறுவனத்தின் இணையதளத்திலேயே இலவசமாகத் தேடிப் பார்க்கலாம். ஏமாந்தது தெரிந்தால் அந்த நிமிடமே 1930 என்ற சைபர் குற்ற எண்ணுக்கு அழைக்க வேண்டும். பணம் கைமாறி வேறு கணக்குகளுக்குப் போவதற்குள் அதை முடக்க வாய்ப்பு உண்டு.

வீட்டு வாசலிலும் வங்கி கவுன்டரிலும் நடக்கும் ஏமாற்று இன்னும் அமைதியானது. டெபாசிட் போட வந்த பெரியவரிடம், ‘இதுவும் எஃப்டி மாதிரிதான், ஒரு தடவை கட்டினால் போதும்’ என்று சொல்லி, ஆண்டுதோறும் கட்டவேண்டிய பாலிசியைத் தலையில் கட்டுகிறார்கள். ப்ரபோசல் ஃபார்மில் பென்சிலால் இன்டு போட்டுக் கொடுத்து, ‘இங்கெல்லாம் கையெழுத்து மட்டும் போடுங்க, மீதியை நான் எழுதிக்கிறேன்’ என்பார் ஏஜென்ட். சர்க்கரை நோய் உண்டா, ரத்த அழுத்தம் உண்டா என்ற கட்டங்களில் அவர் ‘இல்லை’ என்று டிக் அடித்துவிட்டுப் போவார். அந்தப் பொய்க்குக் கீழே இருப்பது நம் கையெழுத்து. மூன்று ஆண்டுகளுக்குள் மரணம் நேர்ந்தால், உண்மையை மறைத்ததாகச் சொல்லி க்ளெய்மை மறுக்க நிறுவனத்துக்கு அது போதும். மூன்று ஆண்டு கடந்த ஆயுள் பாலிசியை எந்தக் காரணம் காட்டியும் கேள்வி கேட்க முடியாது என்கிறது காப்பீட்டுச் சட்டத்தின் 45-வது பிரிவு. மருத்துவக் காப்பீட்டில் அந்தக் காலம் ஐந்து ஆண்டு. ஆனால் அங்கே மோசடி நிரூபணமானால் பாதுகாப்பு இல்லை.

ஆகவே பாலிசி பத்திரம் கைக்கு வந்த அன்றே, அதோடு வரும் ப்ரபோசல் நகலைப் பிரித்துப் படிப்பது அவசியம். பிரீமியம் எத்தனை ஆண்டு, நோய் விவரம் என்ன, போன் எண் யாருடையது? ஏஜென்ட் தன் எண்ணையே போட்டிருந்தால், நிறுவனம் அனுப்பும் எந்தத் தகவலும் உங்களுக்கு வராது. பிடிக்காத பாலிசியைத் திருப்பிக் கொடுக்க 30 நாள் அவகாசம் உண்டு; முன்பு 15 நாளாக இருந்ததை 2024-ல் கூட்டினார்கள். முக்கிய விவரங்கள் அடங்கிய தகவல் தாளைத் தமிழிலேயே கேட்டு வாங்கலாம். இந்த உரிமையைக் கேட்டு வாங்குகிறவர்கள் மிகக் குறைவு என்பதுதான் வருத்தம்.

வண்டிக் காப்பீட்டில் போலி ரசீது ஒரு பெரிய தொல்லை. இரு சக்கர வாகனத்துக்கான குறைந்த பிரீமியத்தைக் கட்டிவிட்டு, அச்சிடும்போது ஆட்டோ அல்லது சரக்கு வண்டி என்று மாற்றிக் கொடுக்கும் தரகர்கள் உண்டு. விபத்தில் யாராவது இறந்தால், தீர்ப்பாயம் விதிக்கும் லட்சக்கணக்கான இழப்பீடு வண்டி உரிமையாளரின் வீட்டையே விற்க வைத்துவிடும். எம்-பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டால், காப்பீடு எந்த நிறுவனத்தில், எதுவரை என்று தெரிந்துவிடும்.

மருத்துவமனை மோசடியில் போவது பணம் மட்டுமல்ல. 2024 நவம்பரில் குஜராத்தின் போரிசணா கிராமத்தில் இலவச முகாம் நடத்திய ஒரு தனியார் மருத்துவமனை, 19 பேரை அகமதாபாத்துக்கு அழைத்துப்போனது. ஏழு பேருக்கு ஆஞ்சியோபிளாஸ்டி செய்தார்கள், இரண்டு பேர் இறந்தார்கள். அரசுக் காப்பீட்டுத் தொகைக்காகத் தேவையில்லாத சிகிச்சை செய்தார்கள் என்பதுதான் வழக்கு. அரசுக் காப்பீட்டு கார்டில் எவ்வளவு தொகை, எந்தச் சிகிச்சைக்குக் கழிந்தது என்று டிஸ்சார்ஜ் ஆகும்போதே கேட்பதும், ‘ஸ்டென்ட் வைக்க வேண்டும்’ என்றால் இன்னொரு டாக்டரிடம் காட்டுவதும் ஏழை நோயாளிக்கும் உரிமைதான்.

புகாரை முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் கொடுக்க வேண்டும். ஐஆர்டிஏஐ-யின் பீமா பரோசா தளத்திலோ 155255 என்ற எண்ணிலோ பதிவு செய்யலாம். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலும், வந்த பதில் திருப்தி தராவிட்டாலும், ஓராண்டுக்குள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னையில் இருக்கிறது. கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை, 50 லட்சம் ரூபாய் வரை இழப்பீடு தர உத்தரவிட அவருக்கு அதிகாரம் உண்டு. அந்த உத்தரவு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். பாலிசிதாரருக்கு அது திருப்தி தராவிட்டால், நுகர்வோர் நீதிமன்றத்தின் கதவு அவருக்குத் திறந்தே இருக்கிறது.