வண்டி நிற்கும்போது ஓடவேண்டிய ஃப்ரிட்ஜ்

கத்திரி வெயிலில் சென்னையிலிருந்து திருத்தணி, நகரி, புத்தூர் வழியாகத் திருமலைக்குப் போகும் குடும்ப வண்டிகளில் தயிர்சாதத்துக்கும் மோருக்கும் பக்கத்திலேயே பாட்டியின் இன்சுலினும் பயணம் செய்கிறது. தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் போட்டு எடுத்துப்போனால், கரைந்த தண்ணீரில் மருந்து அட்டை ஊறிவிடும். ஐஸோடு ஒட்டிக்கிடந்தால் மருந்தே உறைந்துபோகலாம். உறைந்த இன்சுலினைத் தூக்கிப் போடுவதைத் தவிர வழியில்லை. அதனால்தான் ஸ்கார்பியோ, ஃபார்ச்சூனர் போன்ற ஃபோர் வீல் டிரைவ் வண்டி வைத்திருப்பவர்கள் டிக்கியில் சின்ன ஃப்ரிட்ஜ் ஒன்றைப் பொருத்த நினைக்கிறார்கள். நல்ல யோசனைதான். ஆனால் திருமலைக்குப் போகிறவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, எஞ்சினை அணைத்துவிட்டு வரிசையில் நிற்கும் நேரத்தில் அந்த ஃப்ரிட்ஜ் என்ன ஆகும் என்பது.

விலை குறைவு என்று தெர்மோஎலக்ட்ரிக் வகைப் பெட்டியை வாங்கிவிடக் கூடாது. அதில் கம்ப்ரஸர் கிடையாது. சுற்றியுள்ள வெப்பத்தைவிட ஏறக்குறைய 20 டிகிரிதான் அதனால் குறைக்க முடியும். திருப்பதியில் 40 டிகிரி அடிக்கும் நாளில், பூட்டி வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் 55 டிகிரியைத் தாண்டிவிடும். கணக்கைப் போட்டுப் பாருங்கள். பெட்டிக்குள் 35 டிகிரி. திறக்காத இன்சுலினுக்கு வேண்டியது 2 முதல் 8 டிகிரி. ஆகவே 12 வோல்ட்டில் ஓடும் கம்ப்ரஸர் ஃப்ரிட்ஜ்தான் வேண்டும்.

அது ஓடும்போது 4 அல்லது 5 ஆம்பியர் இழுக்கும். விட்டுவிட்டு ஓடுவதால், வெயில் காலத்தில் சராசரியாக 2.5 ஆம்பியர் என்று வைத்துக்கொள்ளலாம். வண்டியின் பேட்டரி 60 ஆம்பியர்-அவர் என்றால், அதில் பாதிக்கு மேல் எடுப்பது பேட்டரியின் ஆயுளைக் குறைக்கும். அந்தப் பாதி, 12 மணி நேரத்தில் தீர்ந்துவிடும். புரட்டாசிச் சனிக்கிழமை சர்வ தரிசனத்துக்கு நின்றவர்களுக்கு 12 மணி நேரம் எப்படிப் போகும் என்று தெரியும். நள்ளிரவில் குழந்தைகளோடு திரும்பி வந்தால் வண்டி ஸ்டார்ட் ஆகாமல் போகலாம். மலையேற்றத்தில் சார்ஜ் ஆகிவிடும் என்று நம்ப வேண்டாம். மலையடிவாரத்து அலிபிரியிலிருந்து மேலே போய்ச் சேரும் அரை மணி நேரம் இதற்குப் போதாது.

வருடத்துக்கு நாலைந்து முறை போகிற குடும்பத்துக்கு, 500 வாட்-அவர் பவர் ஸ்டேஷன் (கையில் தூக்கிப்போகும் லித்தியம் பேட்டரிப் பெட்டி) ஒன்றே போதும் என்பது என் கருத்து. வீட்டில் சார்ஜ் செய்து கொண்டுவந்தால், நிறுத்திய பிறகு ஃப்ரிட்ஜை அதற்கு மாற்றிவிடலாம். 14 மணி நேரம்வரை தாங்கும். வண்டியின் பேட்டரியைத் தொடவே வேண்டாம். பவர் ஸ்டேஷனை வெயில் படாமல், தரையோடு தாழ்வாக வையுங்கள். லித்தியம் பேட்டரிக்கு வெப்பம் ஆகாது.

நிரந்தரமாகவே பொருத்துவதானால் வயரில் கஞ்சத்தனம் கூடாது. டிக்கியில் இருக்கும் சாக்கெட் பல வண்டிகளில் சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்ததும் செத்துவிடும். அதற்கு வரும் வயரும் மெல்லியது. பேட்டரியிலிருந்து டிக்கிக்குப் போய்வர சுமார் 10 மீட்டர்; 1.5 சதுர மி.மீ. வயரில் அரை வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே கரையும். பேட்டரியில் மின்சாரம் இருந்தும் ஃப்ரிட்ஜ் தன்னைத் தானே அணைத்துக்கொள்வது இதனால்தான். 6 சதுர மி.மீ. வயர் இழுத்து, பேட்டரி முனைக்கு ஒரு சாண் தூரத்துக்குள் ஃப்யூஸ் போடச் சொல்லுங்கள். ஃப்யூஸ் இல்லாத வயர் எங்காவது உரசித் தோலுரிந்தால் வண்டியே எரியும். ஆட்டோ எலக்ட்ரீஷியன் எவ்வளவு பழக்கமானவராக இருந்தாலும் இதைப் பக்கத்தில் நின்று பாருங்கள்.

அடுத்தது கட்டுவது. 40 லிட்டர் ஃப்ரிட்ஜ் பொருட்களோடு 30 கிலோவைத் தாண்டும். மலை ஏறுவதற்கு 1974-இல் திறந்த பாதை. இறங்குவதற்கோ 1944-இல் போட்ட பழைய பாதை, கொண்டை ஊசி வளைவுகள் நிறைந்தது. இறங்க 40 நிமிடத்துக்குக் குறையக் கூடாது என்று தேவஸ்தானம் விதி வைத்திருப்பது சும்மா இல்லை. ஒவ்வொரு பிரேக்குக்கும் அந்த 30 கிலோ பின் சீட்டில் இருக்கும் குழந்தைகளை நோக்கித்தான் நகரப் பார்க்கும். தரை விரிப்பில் திருகாணி அடித்தால் பிய்ந்து வரும். பாடியோடு சேர்ந்த கொக்கிகளில் ரேட்சட் பெல்ட் போட்டு, முன்பக்கம் நகராதபடி இறுக்க வேண்டும். கம்ப்ரஸர் பக்கம் காற்று போக நாலு விரல் இடைவெளி விடுங்கள்.

அலிபிரியில் சாமான்களைச் சோதிப்பார்கள். அதனால் மூடிமேல் பெட்டி படுக்கையை அடுக்காதீர்கள். மலையில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை இருப்பதால், குளிர்ந்த தண்ணீரை எவர்சில்வர் பாட்டிலில் வையுங்கள். வீட்டிலேயே முந்தின இரவு ஃப்ரிட்ஜைக் கரண்டில் குளிரவைத்து, குளிர்ந்த பொருளையே உள்ளே போட்டால் அதன் வேலை குறையும். 2009-இல் புவிசார் குறியீடு பெற்ற லட்டுக்கு இதில் இடம் தர வேண்டாம். அது வெளியிலேயே பல நாள் கெடாது.

வண்டி பார்க்கிங்கில் இருக்கும், பாட்டி வைகுண்டம் க்யூ காம்ப்ளெக்ஸில் இருப்பார். அதனால் உபயோகத்தில் உள்ள இன்சுலின் பேனா அவர் கையோடு போக வேண்டும். திறந்த பேனா 30 டிகிரிக்குக் கீழே பொதுவாக நாலு வாரம் தாங்கும். மருந்து அட்டையில் போட்டிருக்கும் அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள். தண்ணீரில் நனைத்தால், மண்பானையைப் போல நீர் ஆவியாகிக் குளிரும் துணிப்பை விற்கிறது. அதில் பேனாவை வைத்து, டாக்டர் சீட்டையும் நனையாமல் தனியே கொடுத்து அனுப்புங்கள்.